10 கிலோமீட்டரை 60 நிமிடத்தில் ஓடி முடிக்க

போட்டியில் பலரும் கோட்டைவிடுவது முதல் கிலோமீட்டரில். கூட்டம் இழுத்துக்கொண்டு போகும், உடம்பும் அப்போது சிரமம் காட்டாது. முதல் 2 கிலோமீட்டரை 6:10 வேகத்தில், அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 10 நொடி என்று ஓடுங்கள். அடுத்த 6 கிலோமீட்டர் 6:00, கடைசி இரண்டும் 5:50. தொடக்கத்திலேயே ஒரு சிறு வாக்கியம்கூடப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

ஓடுபவரின் நேரத்தைப் பதியும் சிப் இருந்தால் பொதுவாகத் தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் உங்கள் நேரம் ஓடத் தொடங்கும். முன்வரிசைக்கு முண்டியடிப்பது வீண்.

ஜிபிஎஸ் கடிகாரம் தூரத்தைக் கூட்டிக் காட்டுவது சகஜம். முறையாக அளந்த பாதையில் வளைவின் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளித்தான் அளப்பார்கள். அகலமாகத் திரும்பினால் நிஜமாகவே கூடுதலாக ஓடுகிறீர்கள். கிலோமீட்டர் பலகைகளை நம்புங்கள்.

புதுக் காலணி? அன்றைக்கு வேண்டவே வேண்டாம், கொப்புளம் வரலாம்.