வீட்டிலிருந்தே சேலை ஃபால்ஸ் வேலை: தொடங்குகிறவர்களுக்கு

ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று வந்துவிட்டால் சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நடக்கவே இடமிருக்காது. வாங்கிய சேலைக்கு ஃபால்ஸ் (கீழ் பார்டரின் உட்புறம் தைக்கும் துணிப்பட்டை) வைக்கணும், ஓரம் அடிக்கணும். டெய்லர்களோ ப்ளவுஸ் தைக்கவே நேரமில்லாமல் இருப்பார்கள். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம் பக்கம் வீட்டிலிருந்து தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வேலையைத்தான்.

1. உடனே மெஷின் வாங்காதீர்கள்

ஃபால்ஸை கையால் ஹெம்மிங் செய்தால்தான் அழகு. ஓரத்துக்கு ஜிக்ஜாக் மெஷின் வேண்டும். அதை வைத்திருக்கும் கடையில் கூலி கொடுத்து அடித்து வாங்குங்கள். வேலை நிற்காமல் வர ஆரம்பித்தபின் மெஷினைப் பற்றி யோசிக்கலாம். இப்போதைக்குக் கத்தரி, இஞ்ச் டேப், மெல்லிய ஊசி, குண்டூசி, இஸ்திரிப் பெட்டி, பல நிற நூல் இருந்தால் போதும்.

2. சேலையை விரித்துப் பார்த்து வாங்குங்கள்

கொடுப்பவர் எதிரிலேயே கறை, இழுபட்ட இழை இருக்கிறதா என்று பாருங்கள். பெயர், போன் நம்பர், தர வேண்டிய தேதி எல்லாம் நோட்டில் ஏறட்டும். கூடவே இரண்டு கேள்வி: எந்த பார்டர் கீழே வரணும்? ப்ளவுஸ் துணியை வெட்டிவிடலாமா? இரண்டாவது ரொம்ப முக்கியம். பல சேலைகளில் ப்ளவுஸ் துணி உள்தலைப்போடு (இடுப்பில் செருகும் முனை) சேர்ந்தே வரும். அதை வெட்டாமல் ஃபால்ஸ் வைத்தால் அளவே மாறிவிடும்.

அடையாளத்துக்கு நம்பர் எழுதிய துணித்துண்டை ஓரத்தில் ஒரே ஒரு தையலாகப் போடுங்கள். ஸ்டேப்ளர் பின் பட்டின் இழையை இழுத்துவிடும்.

3. ஃபால்ஸ் வைப்பது

காட்டன் ஃபால்ஸை நனைக்காமல் வைக்கவே கூடாது. முதல் சலவையில் அது சுருங்கினால் பார்டரும் சேர்ந்து சுருக்கிக்கொள்ளும். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். வெளிர் நிறத்துக்கு மெட்ரோ தண்ணீரே நல்லது. போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் மஞ்சள் கறை பிடிக்கும். அடர் சிவப்பு, கருநீலம் என்றால் ஈரத்தோடு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த ஃபால்ஸ் வேண்டாம்.

அப்புறம் சேலையின் உட்புறம் திருப்பி, உள்தலைப்பிலிருந்து ஒரு சாண் விட்டு ஆரம்பியுங்கள். ஃபால்ஸ் ஓரம் சேலை ஓரத்துக்கு ஒரு நூல் உள்ளே இருக்கட்டும், வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. முதலில் நீளம் முழுக்கக் குண்டூசி குத்திவிட்டு, கீழ் ஓரத்தைத் தையுங்கள். மேல் ஓரத்தில் ஒற்றை நூலால், சேலையில் ஓரிரு இழையை மட்டும் எடுத்து ஹெம்மிங் செய்யுங்கள். நூலை இறுக்கி இழுத்தால் வெளிப்பக்கம் புள்ளி புள்ளியாகக் குழி விழும். நூல் நிறம் ஃபால்ஸுக்கு இல்லை, சேலைக்குப் பொருந்தணும்.

4. கூலி

உங்கள் தெருவில் இரண்டு மூன்று கடையில் விசாரியுங்கள். அதைவிடக் குறைத்துக் கேட்காதீர்கள். உங்கள் கண்ணுக்கும் முதுகுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கூலி. அவசர வேலைக்குத் தனியாகக் கேட்கலாம், தப்பில்லை.

5. மழைக்காலம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது! தரைத்தள வீடு என்றால் அடுத்தவர் சேலையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண்மேல் வையுங்கள்.

6. பதிவு

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு, இலவசம். ஆதார், பான் இருந்தால் அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம், யாருக்கும் பணம் தர வேண்டாம். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை.

7. முதல் வாடிக்கையாளர்

பக்கத்து ப்ளவுஸ் டெய்லரிடம் போங்கள். நீங்கள் தைத்த ஒரு சேலையை உட்புறம் திருப்பிக் காட்டுங்கள். அவர் முதலில் கொடுக்கும் இரண்டு சேலையைச் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.