ரீகால்னு மெசேஜ் வந்தா, வண்டிய வச்சு பொழைக்கறவங்க என்ன பண்ணலாம்

ரீகால்னா, வண்டில குறை இருக்குன்னு கம்பெனியே திருப்பி கூப்பிட்டு சரி பண்றது. எனக்கு அந்த மெசேஜ் வந்தப்ப கவலையெல்லாம் மறுநாள் விடியக்காலை 4 மணி ஏர்போர்ட் சவாரி மேலதான்.

முதல்ல மெசேஜ்ல இருக்கற லிங்க்க தொடாதீங்க, நேரா கம்பெனி வெப்சைட்டுக்கு போய் சேஸிஸ் நம்பர போட்டு பாருங்க. ஆர்சில இருக்கும், 17 எழுத்து. அதுல ஐ, ஓ, க்யூ மூணும் வரவே வராது, அதனால வட்டமா இருந்தா பூஜ்ஜியம்தான், நான் ஓ போட்டு போட்டு அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். செகண்ட் ஹேண்டு வண்டின்னா தகவல் பழைய ஓனருக்கு போயிருக்கலாம், சும்மாவாவது ஒரு தடவ செக் பண்ணிருங்க.

அடுத்து, ஓட்டலாமா கூடாதான்னு பாருங்க. 2023 ஜனவரில மாருதி 17,362 வண்டிய ஏர்பேக் கன்ட்ரோலருக்காக கூப்பிட்டப்ப, மாத்துற வரைக்கும் ஓட்டாதீங்கன்னே சொன்னாங்க. அப்படி போட்டிருந்தா நாலு நாள் வருமானம் போனாலும் வண்டிய எடுக்காதீங்க. டகாட்டாங்கற ஜப்பான் கம்பெனியோட ஏர்பேக் இருக்கற பழைய வண்டின்னா இன்னும் அவசரம், உள்ள பேக்க விரிய வைக்கற அமோனியம் நைட்ரேட் சூட்டுலயும் ஈரக்காத்துலயும் வருஷக்கணக்கா கெட்டு, பேக் விரியும்போது இரும்புத் துண்டு மூஞ்சில பறக்கலாம். சென்னை வெக்கை பத்தி சொல்லவே வேணாம்.

இப்ப முக்கியமானது: பார்ட் வந்திருச்சான்னு கேக்காம சர்வீஸ் சென்டருக்கு கிளம்பிராதீங்க. நான் போனேன், ஏசி ரூம்ல மெஷின் காபி ரெண்டு குடிச்சதுக்கப்புறம் "பார்ட் வரல சார், அடுத்த வாரம் வாங்க"ன்னு சொன்னாங்க, அரை நாள் சவாரி காலி. போன்லயே சேஸிஸ் நம்பர சொல்லி, பார்ட் கையில இருக்கா, எத்தன மணி நேரம் ஆகும்னு கேட்டு, காலைல மொத ஸ்லாட்ட வாங்குங்க. மாத்து வண்டி தருவீங்களான்னும் கேளுங்க, பெரும்பாலும் இல்லம்பாங்க, கேக்கறதுல என்ன நஷ்டம்?

ரீகால் வேலைக்கு பைசா கிடையாது. வண்டி உள்ள போனதும் அலைன்மெண்ட், ஏசி கிளீனிங்னு எஸ்டிமேட் நீளும், "ரீகால் மட்டும் போதும்"னு ஜாப் கார்டுலயே எழுத வைங்க. அந்த பேப்பர ஆர்சி கவர்லயே வைங்க, விக்கும்போது கேப்பாங்க.

ஏர்போர்ட் சவாரிய பக்கத்து ஸ்டாண்டு தம்பிகிட்ட குடுத்தேன். அவனும் அதே மாடல்தான், அவன் நம்பரையும் போட்டு பாத்துட்டுதான் அனுப்பினேன்.