ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஆடைக்கு ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை உண்டா என்று உறுதிசெய்வது எப்படி?

ஜீ.எஸ்.பி. பிளஸ் என்பது, தகுதிபெறும் வளர்முக நாடுகளின் பல பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதித் தீர்வையை நீக்கும் சலுகை. இலங்கையில் தைத்த ஆடை என்ற ஒரே காரணத்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்குச் சுங்கத் தீர்வை இராது என்று நம்பி விலை பேசிவிடும் சிறு ஏற்றுமதியாளர்களை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன். நாட்டுக்குத் தகுதி இருப்பது ஒன்று, உங்கள் ஆடைக்குத் தகுதி இருப்பது வேறொன்று. இரண்டையும் துணிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே சரிபார்த்துவிட வேண்டும். துணி வந்து இறங்கிய பிறகு திருத்துவதற்கு அநேகமாக எதுவும் மிஞ்சாது.

முதலில் நாட்டின் நிலையைப் பாருங்கள். மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், நல்லாட்சி தொடர்பான 27 சர்வதேச சமவாயங்களை ஏற்று நடைமுறைப்படுத்தும் வளர்முக நாடுகளுக்கே இச்சலுகை வழங்கப்படுகிறது. 2005இல் அதைப் பெற்ற இலங்கை, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடை, சிறுவர் உரிமைகள் ஆகியவை பற்றிய சமவாயங்களைச் சரிவர நடைமுறைப்படுத்தவில்லை என்ற காரணத்தால் 2010 ஆகஸ்ட் 15ஆம் திகதி அதை இழந்து, 2017 மே 19ஆம் திகதியே மீளப் பெற்றது. ஆகவே மனித உரிமைக் கடப்பாடுகளை அரசியல்வாதிகளின் விவகாரம் என்று ஆடைத் துறையினர் ஒதுக்கிவிடக் கூடாது. அவை தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவரின் வேலையோடு நேரடியாகப் பிணைந்தவை. வருமான நிபந்தனையும் உண்டு: உலக வங்கி ஒரு நாட்டைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உயர் நடுத்தர வருமான நாடாக வகைப்படுத்தினால் அது சலுகையிலிருந்து விலக நேரிடும். இலங்கை 2019இல் அந்த வகைக்கு உயர்ந்து, அடுத்த ஆண்டே கீழிறங்கியது. தற்போதைய ஒழுங்குவிதி 2027 டிசம்பர் 31 வரை நீடிக்கப்பட்டிருப்பதால், அதற்கு அப்பால் செல்லும் ஒப்பந்தங்களில், சலுகை இல்லாமற்போனால் தீர்வையை யார் ஏற்பது என்பதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, பொருளின் சுங்கக் குறியீட்டைக் கண்டறிந்து தீர்வையைக் கணக்கிடுங்கள். 6109 என்ற தலைப்பின் கீழ் வரும் பருத்தி டீ-சேர்ட்டுக்கு வழமையான தீர்வை 12 சதவீதம், தீர்வையை ஓரளவு மட்டும் குறைக்கும் சாதாரண ஜீ.எஸ்.பி.யில் 9.6 சதவீதம், ஜீ.எஸ்.பி. பிளஸில் பூச்சியம். 10,000 யூரோ பெறுமதியான சரக்கில் வழமையான தீர்வைக்கும் ஜீ.எஸ்.பி. பிளஸுக்கும் உள்ள வித்தியாசம் 1,200 யூரோ.

பெரும்பாலானோர் தடுமாறுவது பொருள் எந்த நாட்டில் உருவானது என்பதைத் தீர்மானிக்கும் மூல விதிகளில்தான். பங்களாதேஷ் போன்ற மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கான ஏற்பாட்டில், இறக்குமதித் துணியை வெட்டித் தைத்தாலே போதும். இலங்கைக்கு அது போதாது. பின்னல் ஆடையாயின் துணியைப் பின்னுவதும், நெசவுத் துணி ஆடையாயின் பொதுவாகத் துணியை நெய்வதும், வெட்டித் தைப்பதோடு சேர்ந்து இங்கேயே நடக்க வேண்டும். நூலை வெளியிலிருந்து தருவிக்கலாம். எனவே சீனத் துணியில் இங்கே தைத்த காற்சட்டைக்குச் சலுகை கிடைக்காது. சீன நூலைக் கொண்டு இங்கேயே பின்னி, வெட்டித் தைத்த டீ-சேர்ட்டுக்குக் கிடைக்கும். பொத்தானும் சிப்பும் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் பாதகமில்லை, ஏனெனில் சுங்க அட்டவணையில் 50 முதல் 63 வரையான நெசவுப்பொருள் அத்தியாயங்களில் சேராத பொருள்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

உள்ளூரில் துணி கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி, பிராந்தியத் திரட்டு எனப்படும் ஏற்பாடு. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் உள்ளிட்ட தெற்காசியக் குழு நாடுகளில் உருவான துணியை, இங்கு நடக்கும் வேலை வெறும் பொதியிடல் போன்ற சிறு செயலாக நின்றுவிடாத வரையில், இலங்கைத் துணியாகவே கருதலாம். ஆனால் அந்தத் துணி ஐரோப்பிய விதிகளின்படி அங்கேயே உருவாகியிருக்க வேண்டும். வேறெங்கோ நெய்து இந்திய வியாபாரியின் கைமாறி வந்த துணி கணக்கில் சேராது. எனவே வெறும் விலைப்பட்டியலோடு திருப்தியடையாமல், துணி வழங்குநரிடமிருந்து மூலக் கூற்றை, அதாவது பொருள் எந்த நாட்டில் உருவானது என்று ஏற்றுமதியாளர் எழுதித்தரும் உறுதிமொழியை, பெற்றுக்கொள்ளுங்கள்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, 6,000 யூரோவுக்கு மேற்பட்ட சரக்கு அனுப்புவோர் வணிகத் திணைக்களத்தின் ஊடாக, ரெக்ஸ் எனப்படும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிவுசெய்த ஏற்றுமதியாளர் முறைமையில் பதிவுபெற்றிருக்க வேண்டும். அதன் பின்னர் மூலக் கூற்றை விலைப்பட்டியலிலோ வேறு வணிக ஆவணத்திலோ நீங்களே எழுதலாம். டீ-சேர்ட்டாயின், வெளிநாட்டு மூலப்பொருளில் போதிய வேலை இங்கே நடந்திருப்பதைக் குறிக்கும் ‘டபிள்யூ’ என்ற ஆங்கில எழுத்தையும் 6109 என்ற தலைப்பு எண்ணையும் அதில் குறிப்பிட வேண்டும். பிராந்தியத் திரட்டைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். கூற்று 12 மாதங்களுக்குச் செல்லுபடியாகும். நூல் கொள்வனவுச் சீட்டு, பின்னல் ஆலையின் பதிவேடு, வெட்டுப் பதிவேடு ஆகியவற்றை, கூற்று எழுதிய ஆண்டு முடிந்து குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பேண வேண்டும். பின்னாளில் ஐரோப்பியச் சுங்கம் சரிபார்ப்புக் கோரி, நீங்கள் நிரூபிக்கத் தவறினால், தீர்வையைச் செலுத்தும்படி கேட்கப்படுபவர் உங்கள் கொள்வனவாளர். அவர் அதை உங்களிடம் கேட்பார்.

ஐக்கிய இராச்சியத்துக்கு அனுப்புவோர் இந்த விதிகளை அப்படியே பின்பற்ற வேண்டாம். அங்கு 2023 ஜூன் 19 முதல் தனித் திட்டம் நடைமுறையில் இருப்பதால், அதன் மூல விதிகளைத் தனியாகப் பார்த்த பின்னரே விலை சொல்லுங்கள்.