வாந்தி நிற்கும்வரை தண்ணீரை நிறுத்தாதீர்கள்: பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தொழிலாளர் லயங்கள் குறைந்து தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகள் பெருகிவிட்டன. கித்தா எனும் ரப்பர் மரம் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. ஆனால், பிள்ளை வாந்தி எடுக்கும் இரவில் வீட்டுக்குள் நடப்பவை மட்டும் அப்படியேதான் இருக்கின்றன. நான் தாதியாகப் பணியில் சேர்ந்த காலத்தில் பாட்டிமார் செய்த அதே தவறுகளை, இன்று எதையும் கைப்பேசியில் தேடிப் படித்துவிடும் இளம் தாய்மாரும் செய்கிறார்கள். கையைக் கழுவுங்கள், கெட்டுப்போன உணவைக் கொடுக்காதீர்கள் என்று எல்லாரும் அறிந்தவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. வாந்தியின் மீதுள்ள பயத்தால், நல்லது செய்வதாக நம்பியே பெற்றோர் செய்துவிடும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வாந்திக்குப் பயந்து தண்ணீரை நிறுத்துவது

“எது குடுத்தாலும் கக்கிடுது மிஸி, அதான் ராத்திரியிலேருந்து ஒண்ணும் குடுக்கல. வாந்தி நிக்கட்டும்னு இருக்கோம்.” இந்த வார்த்தைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் ஆற்றாமை பொங்குகிறது. சொல்பவர் மீது எனக்குக் கோபம் இல்லை. தலைமுறை தலைமுறையாக நாம் இதைச் சொல்லிக்கொடுத்தே வளர்த்திருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

ஒருமுறை, செம்பனைக்குலை ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவரும் அவர் மனைவியும் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே கிளினிக்குக்கு வந்தார்கள். முந்தின நாள் மாலையில் வாந்தி தொடங்கியிருக்கிறது. “லங்கணம் பரம ஔஷதம், வயித்தைக் காயப் போடு” என்று பாட்டி சொல்ல, இரவு முழுவதும் ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்கவில்லை. குழந்தையின் முகத்தைத் துடைக்க ஈரத்துணியை எடுத்தேன். துணி உதட்டில் பட்டதும் அதன் நுனியைப் பல்லால் பற்றிக்கொண்டு அவள் உறிஞ்சத் தொடங்கினாள். என்னால் துணியை இழுக்க முடியவில்லை. தாய் அதைப் பார்த்துவிட்டு அழுதார். அந்தத் தாய்க்கு அன்பில் குறையில்லை; வாந்தியைப் பார்க்கும் துணிவு மட்டும் இல்லாமல் போயிருந்தது.

குழந்தைக்கு ஆபத்தாக முடிவது பெரும்பாலும் வாந்தி அல்ல. வாந்தியோடும் பேதியோடும் வெளியேறும் நீரும் உப்பும்தான். போனதை ஈடுசெய்யாமல் நிறுத்திவைத்தால் வாந்தி நின்றாலும் உடல் வற்றிக்கொண்டே போகும். பெரியவர் ஒரு வேளை சோற்றைத் தவிர்ப்பதற்குச் சொன்ன பழமொழியை, பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் தண்ணீருக்குப் பொருத்துவது பெரும் பிழை. அவ்வாறு வற்றிப்போய் வரும் பிள்ளைக்குச் சொட்டுநீர் ஏற்ற வேண்டியிருக்கும்போது, சுருங்கிப்போன நரம்பைத் தேடி இரண்டு கையிலும் காலிலும் குத்த வேண்டிவரும். அந்த அலறலை வெளியே நின்று கேட்கும் தகப்பனின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

“குடுத்தா கக்கிடுதே” என்பது பொய்யான பேச்சு அல்ல. ஆனால், அது பெரும்பாலும் கொடுக்கும் விதத்தால் வருவது. தாகத்தில் தவிக்கும் பிள்ளையிடம் ஒரு மக் தண்ணீரையோ மைலோவையோ நீட்டினால் அது மடமடவென்று குடிக்கும். புண்பட்ட இரைப்பை அந்த அளவைத் தாங்காமல் வெளியே தள்ளிவிடும். அதைப் பார்த்துப் பெற்றோர் “எதுவும் தங்கவில்லை” என்று முடிவு செய்துவிடுகிறார்கள். மாறாக, 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி, உப்புச்சர்க்கரைக் கரைசலை (கிளினிக்கில் பாக்கெட்டாகக் கிடைக்கும் பொடியை நீரில் கலந்தது) இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 150 மில்லி உள்ளே போய்விடும். நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்றால் 300 மில்லி. இடையில் வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, முன்பைவிட மெதுவாக மீண்டும் தொடங்க வேண்டும். வெளியே வருவது உள்ளே போனது முழுவதும் அல்ல. ஒரு பகுதி அதற்குள் சிறுகுடலைச் சேர்ந்திருக்கும்.

அது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுகுடலின் சுவரில், உப்பில் உள்ள சோடியமும் குளுக்கோஸ் என்ற சர்க்கரையும் சேர்ந்து வந்தால் இரண்டையும் ஒன்றாக உள்ளே ஏற்றிக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. அவற்றைத் தொடர்ந்து தண்ணீரும் உடலுக்குள் செல்கிறது. 1960-ஆம் ஆண்டு ராபர்ட் கிரேன் என்ற அறிவியலாளர் இதை விளக்கினார். 1971-இல் வங்காளதேசப் போரின்போது இந்தியாவின் மேற்கு வங்கத்திலிருந்த பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குச் சொட்டுநீர் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. காலரா நோயாளிகளும் வாந்தி எடுப்பவர்கள்தாம். அதற்காக அங்கே யாரும் ஊட்டுவதை நிறுத்திவிடவில்லை.

அந்தப் பெண் குழந்தைக்கு ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உட்பக்கமாகக் கரைசலை விட்டுக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் வாந்தி எடுத்தாள். “போதும் மிஸி, மறுபடி வந்துடும்” என்று தாய் என் கையைப் பிடித்தார். பத்து நிமிடம் கழித்துச் சிரிஞ்சை அவர் கையிலேயே கொடுத்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவரே ஊட்டினார். நண்பகலுக்கு முன்பே பெம்பர்ஸ் கனத்திருந்தது.

கரைசலைக் கண்ணளவில் கலப்பது

நம் கிளினிக்குகளில் கிடைக்கும் கரைசல் பொடி பாக்கெட்டுகளில் பல 250 மில்லி நீருக்கானவை. ஒரு லிட்டருக்கானவையும் உண்டு. உறையைப் படிக்காமல் ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பால் புட்டியில் கொட்டிக் கலக்கினால் இரத்தத்தில் உப்பு ஏறி வலிப்புகூட வரலாம். மாறாக, “உப்புக் கரிக்கிறது” என்று நீரைக் கூட்டினால் பயன் குறைந்துவிடும். பாலிலோ பழச்சாற்றிலோ கலக்கக் கூடாது, சர்க்கரை சேர்க்கக் கூடாது, கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஹண்ட்ரட் பிளஸ் போன்ற பானங்கள் வியர்வை சிந்தி விளையாடுபவர்களுக்கானவை. கரைசலோடு ஒப்பிட்டால் அவற்றில் சர்க்கரை மிகுதி, உப்பு மிகக் குறைவு.

உணவை நாள்கணக்கில் நிறுத்திவைப்பது

பசி என்று பிள்ளை கேட்டால் கஞ்சியோ சோறோ கொடுங்கள். தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

மீதமிருந்த வாந்தி மருந்தைக் கொடுப்பது

பெரியவருக்குக் கொடுத்த மெட்டோகுளோபிரமைட் மாத்திரையில் பாதியை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் கழுத்தும் கண்களும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, வலிப்பு வந்ததுபோல் பிள்ளை துடிக்கக்கூடும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் அறிவித்தது. பிள்ளையைப் பார்த்த பின் மருத்துவர் ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்தை ஒரு வேளை கொடுக்கலாம். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. வயிற்று வலிக்குத் தைலத்தைச் சர்க்கரையில் விட்டு விழுங்கக் கொடுப்பதும் மிகுந்த ஆபத்து. தைலங்களில் உள்ள கற்பூரம் உள்ளே போனால் சிறு பிள்ளைகளுக்கு வலிப்பு வரலாம்.

உரம் எடுப்பது, தொக்கம் எடுப்பது

வேண்டாம். வற்றிய குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டுவதும், தொண்டைக்குள் விரலை விடுவதும் கேடு மட்டுமே செய்யும்.

வாந்தியை எண்ணி, சிறுநீரை மறப்பது

எத்தனை முறை வாந்தி என்று கேட்டால் தாய்மார் உடனே சொல்லிவிடுவார்கள். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வாய் ஈரமாக இருந்து, அழும்போது கண்ணீர் வந்து, சிறுநீரும் போய், இடையிடையே விளையாடவும் செய்யும் பிள்ளை பலமுறை வாந்தி எடுத்தாலும் சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். எட்டு மணி நேரமாக, கைக்குழந்தையானால் ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் குழிந்துவிட்டது, கூப்பிட்டால் விழிக்கவில்லை என்றால் இரண்டே முறை வாந்தி எடுத்திருந்தாலும் காத்திருக்கக் கூடாது. பச்சை நிற வாந்தி, இரத்தம், தலையில் அடிபட்ட பின் வரும் வாந்தி, கழுத்து விறைப்பு, வலது அடிவயிற்றில் நிலைத்துவிட்ட வலி, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலோடு வாந்தி ஆகியவற்றுக்கு விடியும்வரை பொறுக்க வேண்டியதில்லை. 999-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கே கொண்டுசெல்லுங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு விதிவிலக்கு உண்டு. வாந்தி எடுக்கும் பிள்ளை வழக்கத்தைவிட மிகுதியாகச் சிறுநீர் கழித்து, தணியாத தாகத்தோடு, ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கினால் அது நீரிழிவாக இருக்கலாம். நம் குடும்பங்களில் சர்க்கரை நோயைத் தாத்தா பாட்டியின் நோயாகவே நினைத்திருப்பதால், பிள்ளைக்கு அது வரக்கூடும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கேட்டுப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடைவது

டெங்கி நம் ஊரை விட்டுப் போகாத நோய். அதில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே தொடங்குகிறது. அந்த வேளையில் ஓயாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் இரத்தம், சோர்வு ஆகியவை தோன்றினால் அவை எச்சரிக்கை அறிகுறிகள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வகுத்திருக்கிறது. “காய்ச்சல்தான் விட்டுருச்சே, வயித்துக் கோளாறா இருக்கும்” என்று வீட்டில் படுக்க வைக்காதீர்கள். டெங்கி என்ற ஐயம் இருக்கும்போது காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் கூடாது.

“வாந்தி வருதா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பது

பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சொன்னவுடன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெற்றியைத் தொட்டு இப்படிக் கேட்கும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளை தன் வயிற்றைக் கவனிப்பதை விட்டுவிட்டுத் தாயின் முகத்தையே கவனிக்கத் தொடங்குகிறது. நோய் போன பிறகும், பள்ளிக்குப் போகும் காலையில் சாப்பிட மறுப்பதும் குமட்டுவதும் தொடரும். வாளியைக் கட்டிலருகே வைத்துவிடுங்கள். “வந்தால் இதில் எடு, நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்று ஒருமுறை சொல்லுங்கள். பிறகு வேறு எதையாவது பேசுங்கள். வாந்தி எடுத்து முடித்ததும் வாயைக் கொப்பளிக்க வைத்து, துடைத்துவிட்டு, கரண்டியை மீண்டும் கையில் எடுங்கள்.

சில பெற்றோருக்கு வாந்திச் சத்தம் கேட்டாலே கை நடுங்கும். மாரடைப்புபோல் நெஞ்சு அடைக்கும். பிள்ளை இருமினாலும் இரவில் தூக்கம் வராது. ஊரில் வயிற்றுப்போக்கு பரவுகிறது என்று கேள்விப்பட்டதும் பசார் மாலாம் இரவுச் சந்தைக்கும் கோவிலுக்கும் போவதையே நிறுத்திவிடுவார்கள். இது மருத்துவம் அறிந்த ஒரு பய நோய். எண்ணங்களையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சையால் குணம் காணக்கூடியது. பிள்ளையின் அட்டையோடு வரும் நாளில் உங்கள் பயத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை, உங்கள் கை நடுங்கும் இரவுகளில் கரண்டியைப் பிடிக்க வீட்டில் இன்னொருவருக்கு இப்போதே சொல்லிக்கொடுத்து வைத்திருங்கள். அது அப்பாவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், லயத்திலிருந்து கூடவே வந்த பாட்டியாகவும் இருக்கலாம்.