ஜப்பானில் கரே சாப்பிட: எந்த வகை, எந்தக் கடை, எப்படிக் கேட்பது

ஜப்பானில் 'கரே' (சாதத்தோடு வரும் ஜப்பானியக் கறிக்குழம்பு) என்று பலகை மாட்டிய கடைக்குள் நுழையுமுன், எந்த வகைக் கரே வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நம் ஊரில் 'குழம்பு' என்று மட்டும் சொன்னால் வத்தக்குழம்பா மீன்குழம்பா என்று யாருக்குத் தெரியும்? அங்கேயும் அப்படித்தான். "ஜப்பான் கறி இனிப்பாக, கொழகொழவென்று இருந்தது" என்று சொல்பவர் ஐந்தாறு வகைகளில் ஒன்றைத்தான் சாப்பிட்டிருக்கிறார். கடைகளை ஒப்பிடுவதும் ஒரே வகைக்குள்தான் சரிப்படும். டோக்கியோவின் போண்டி என்ற கடையின் கெட்டிக் குழம்பையும் வடக்கே சப்போரோ நகரின் ரசம் போன்ற சூப் கரேயையும் பக்கத்தில் வைத்து எது உசத்தி என்று கேட்டால் பதில் கிடையாது.

குழம்பு ஏன் அவ்வளவு கெட்டி என்பதற்கும் காரணம் உண்டு. தமிழின் 'கறி' ஐரோப்பியர் வாய்க்குப் போய், ஆங்கிலேயர் டப்பாவில் அடைத்த மசாலாப்பொடியோடு மெய்ஜி காலத்தில் (19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி) ஜப்பானில் இறங்கியது. நேராக இந்தியாவிலிருந்து போகவில்லை. அதனால் கொழுப்பில் கோதுமை மாவை வறுத்துக் குழம்பைக் கெட்டியாக்கும் ஆங்கிலேயர் பழக்கமும் கூடவே போனது. கொழுப்பில் வறுத்த மாவும் மசாலாவும் சேர்ந்த அந்த அடித்தளத்துக்கு 'ரூ' என்று பெயர். கடைகளில் குழம்பு முழுவதையுமே 'ரூ' என்பார்கள்.

முதலில் இறைச்சி விஷயம்

தமிழர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். பட்டியலில் 'காய்கறிக் கரே' என்று இருந்தால் அது சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். தட்டில் போட்ட காய்தான் காய். அடியில் இருக்கும் குழம்பு பெரும்பாலும் பன்றி எலும்புச் சாறிலோ மாட்டு எலும்புச் சாறிலோ வெந்தது. ரூவில் பன்றிக்கொழுப்போ மாட்டுக்கொழுப்போ இருப்பதும் சகஜம். கோழிக் கரே கேட்டாலும் இதே சிக்கல்தான்: மேலே கோழி, கீழே மாட்டுச் சாறு.

டோக்கியோ பக்கம் கரே என்றால் பெரும்பாலும் பன்றி. ஒசாகா பக்கம் மாடு. ஒசாகாவில் 'நிகு' என்று வெறுமனே சொன்னால் அது மாட்டிறைச்சியைத்தான் குறிக்கும். 'புதா' பன்றி, 'க்யூ' மாடு, 'தோரி' கோழி. "புதா தாபெராரெமாசென்" என்றால் பன்றி சாப்பிட முடியாது என்று பொருள். அதோடு நிறுத்தினால் தட்டிலிருந்து துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். "ரூ நி மோ ஹாய்த்தெ இமாஸ் கா?", அதாவது குழம்பிலும் இருக்கிறதா, என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். கரே உடோனில் (கரேக் குழம்பில் போட்ட தடித்த கோதுமை நூடுல்ஸ்) மீன்சாறு இருக்கும். அதையும் சைவக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சங்கிலிக் கடை: கோகோ இச்சிபான்யா

முதல் தடவைக்கு இங்கே போவதில் தப்பே இல்லை. 1978-இல் நகோயா அருகே தொடங்கியது. ஜப்பான் முழுக்கக் கிளைகள், படத்தோடு ஆங்கிலப் பட்டியல். வழக்கமான குழம்பு பன்றி அடித்தளம். மாட்டுக் குழம்பு தனி, கூடுதல் விலை. விலங்குப் பொருள் சேர்க்காத சைவக் குழம்பு சில கிளைகளில் உண்டு. அதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். டோக்கியோவின் அகிஹபாராவில் 2017-இல் ஹலால் கிளையும் திறந்தார்கள்.

கேட்கும் வரிசை இது: குழம்பு வகை, சாதம் எத்தனை கிராம், காரம் எத்தனை, மேலே என்ன. சாதத்தைக் குறைத்தால் விலையும் குறையும். காரத்தில்தான் நம் ஆட்கள் வீம்பு பிடிப்பார்கள். 1-இலிருந்து ஏறிக்கொண்டே போகும் படிகள், ஒவ்வொரு படிக்கும் காசு. 5 சாப்பிட்டுப் பழகாதவருக்கு 6-க்கு மேல் தரமாட்டோம் என்பது அவர்களுடைய வழக்கம். பச்சைமிளகாய் கடித்து வளர்ந்தவருக்கும் 3 போதும். மேல்படிகளில் கூடுவது மசாலாத்தூள்தான். குழம்பின் சுவை அல்ல. 5-ஐத் தாண்டினால் கசப்பும் மாவுத்தன்மையும் நாக்கில் தட்டும். மேசைமேல் காரத்தூள் இலவசமாக வைத்திருப்பார்கள். 1 அல்லது 2 வாங்கி, பாதித் தட்டுக்கு மட்டும் தூவிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இந்தக் கடையின் பலம் எந்த ஊரிலும் ஒரே சுவை. பலவீனமும் அதுவே: தனியாகச் சாப்பிட்டால் குழம்புக்கு ஆழம் குறைவு, மேலே போடும் கட்சு (ரொட்டித்தூள் பூசிப் பொரித்த இறைச்சி), கத்திரிக்காய், கீரை, சீஸ்தான் தட்டைத் தூக்கி நிறுத்துகின்றன. கத்திரிக்காயும் கீரையும் சேர்த்துப் பாருங்கள், நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

ஜிம்போச்சோ: ஒரே தெருவில் பாடம் முழுவதும்

டோக்கியோவில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அதை ஜிம்போச்சோவுக்குக் கொடுங்கள். பழைய புத்தகக் கடைகள் நிறைந்த பேட்டை. ஒரு கையில் புத்தகம், மறு கையில் கரண்டி என்று சாப்பிட வசதியான உணவு என்பதால்தான் இங்கே கரே வேர்விட்டது என்பார்கள். சுரங்க ரயிலில் ஹன்சோமோன், மிதா, ஷின்ஜுகு ஆகிய மூன்று தடங்களும் இங்கே நிற்கும்.

போண்டி ஐரோப்பிய பாணிக்கு அளவுகோல். பழைய புத்தக நிலையக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் இருக்கிறது. வழி கட்டடத்தின் பின்பக்கம். உட்கார்ந்ததும் முழு உருளைக்கிழங்குகள் இரண்டு, வெண்ணெயோடு வரும். பசி தாங்காமல் இரண்டையும் காலி செய்துவிட்டால் பிறகு பாதிச் சாதம் மீந்துவிடும். ஒன்றை வைத்திருந்து கடைசியில் குழம்பில் மசித்துச் சாப்பிடுங்கள். சாதத்தின்மேல் சீஸ் தூவியிருக்கும். குழம்பு தனிக் கிண்ணத்தில். பழம், வெங்காயம், பால்பொருள், வைன் எல்லாம் சேர்ந்த அடர்த்தி. முதல் வாயில் இனிப்பு, காரம் பின்னால் வரும். குழம்பை மொத்தமாகக் கவிழ்க்காமல் நாலு கரண்டியாக ஊற்றிக்கொண்டால் சீஸ் இறுகிப் போகாது.

கியோயெய்தோ இதற்கு நேர் எதிர். 1924-இல் தொடங்கிய கடை, நிலத்தடித் தளம். 'சுமத்ரா கரே' என்ற பெயரில் கறுத்த, இளகலான, கசப்பு எட்டிப்பார்க்கும் குழம்பு. இனிப்புக் கரே பிடிக்காதவர்கள் இங்கேதான் வரவேண்டும். கூடவே சூப் வரும். குளிர்காலத்தில் சுட்ட ஆப்பிள் கிடைக்கும். கசப்புக்குப் பின் அது தேவாமிர்தம். ஞாயிறு விடுமுறை.

எத்தியோப்பியா என்ற பெயரைப் பார்த்து ஆப்பிரிக்கச் சாப்பாடு என்று எண்ண வேண்டாம். காபிக் கடையாகத் தொடங்கியதால் வந்த பெயர். மாவுக்கெட்டி குறைவு, கிராம்பு, ஏலக்காய் வாசம் தெளிவாகத் தெரியும். மூன்றில் நம் சமையலுக்குக் கிட்டத்தில் இருப்பது இதுதான். காரம் 0 முதல் 70 வரை. இங்கே 0 என்றால் காரமே இல்லை என்று பொருள் அல்ல. 3 அல்லது 5-இல் தொடங்குங்கள்.

இந்தியர் வைத்த விதை

ஷின்ஜுகுவின் நகமுராயாவில் 1927 முதல் 'இந்திய முறைக் கரே' போடுகிறார்கள். அதைச் சொல்லிக்கொடுத்தவர் ராஷ் பிஹாரி போஸ். ஆங்கில அரசு தேடிய புரட்சிக்காரருக்கு அந்தக் கடைக்குடும்பம் அடைக்கலம் கொடுத்தது. அந்த வீட்டு மகள் தோஷிகோவையே அவர் மணந்தார். எலும்போடு கோழி, மெல்லிய குழம்பு, விதவிதமான தொடுகறிகள். அக்காலத்துச் சாதாரணக் கரேயைவிடப் பல மடங்கு விலை வைத்தும் விற்றது. இன்று கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மன்னா என்ற உணவகத்தில் கிடைக்கும். காரத்துக்காகப் போகாதீர்கள், வரலாற்றுக்காகவும் கோழிக்காகவும் போங்கள்.

கின்சாவில் கபுகி அரங்கின் பக்கம் இருக்கும் நாயர் உணவகத்தை 1949-இல் திருவனந்தபுரத்துக்காரரான ஏ. எம். நாயர் திறந்தார். 'முர்கி லஞ்ச்' கேளுங்கள்: மஞ்சள் சாதம், மசித்த உருளை, வேகவைத்த முட்டைக்கோஸ், முழுக் கோழித்தொடை. பரிமாறுபவர் எலும்பைப் பக்கத்திலேயே நின்று உருவிக் கொடுத்து, நன்றாகக் கலந்து சாப்பிடச் சொல்வார். ஜப்பானியர் பலர் கரேயைக் கலக்க மாட்டார்கள். இங்கே கலக்காவிட்டால்தான் தப்பு. செவ்வாய் விடுமுறை.

உண்மையான காரம் வேண்டுமென்றால் உவேனோவின் டெல்லி, 1956-ஆம் ஆண்டுக் கடை. 'காஷ்மீர் கரே' என்பது அங்கே கறுப்பு ரசம் போல ஓடும் குழம்பு. ஆந்திரக் காரத்துக்குப் பழகியவரும் தண்ணீர் தேடுவார்.

கானாசாவா: தட்டு, முள்கரண்டி, கோஸ்

மிகக் கெட்டியான, கறுத்த குழம்பு, எவர்சில்வர் தட்டு, சாதம் தெரியாதபடி ஊற்றி, மேலே கட்சு, அதன்மேல் சாஸ் கோடு, ஓரத்தில் நறுக்கிய பச்சைக்கோஸ். கரண்டிக்குப் பதில் முள்கரண்டி. இது கானாசாவா நகரத்துப் பாணி. சாம்பியன் கரே மூத்தது. 2004 மே 5-இல் ஷின்ஜுகுவில் தொடங்கிய கோ கோ கரே இதை நாடெங்கும் பரப்பியது. ஜப்பானிய மொழியில் 5 என்றால் 'கோ'; பேஸ்பால் வீரர் ஹிதெகி மத்சுயியின் 55-ஆம் எண்ணைக் கொண்டாடும் கடை அது. பல கிளைகள் காலை 10:55-க்குத் திறக்கும். கோஸை அலங்காரம் என்று ஒதுக்காதீர்கள். அந்தக் கனமான குழம்பைப் பாதித் தட்டுக்கு மேல் இறக்க அதுதான் உதவும். பன்றி தவிர்ப்பவருக்கு இந்த வகை ஒத்துவராது.

கட்சு எங்கே சாப்பிட்டாலும் ஒன்றைக் கவனியுங்கள். கேட்ட பிறகு பொரித்திருக்க வேண்டும். குழம்பு அதன்மேல் முழுக்க ஊற்றப்படாமல் பாதியாவது வெளியே இருக்க வேண்டும். முழுக்க மூழ்கினால் மேலுள்ள ரொட்டித்தூள் ஐந்தே நிமிடத்தில் ஊறிக் கழன்றுவிடும்.

ஒசாகா

நம்பாவில் 1910-இலிருந்து இருக்கும் ஜியூக்கென்னில் சாதமும் குழம்பும் முன்பே கலந்து, நடுவே பச்சை முட்டை உடைத்து வரும். முதலில் முட்டையைத் தொடாமல் இரண்டு வாய். பிறகு முட்டையைக் கலந்து. அதன்பின் மேசைமேலுள்ள உஸ்டர் சாஸ் சில சொட்டு. சாஸ் அதிகமானால் புளிப்பும் உப்பும் மேலேறிக் கெடுத்துவிடும். பச்சை முட்டை வேண்டாமென்றால் இந்தக் கடையைத் தவிர்ப்பதே நல்லது. முட்டை போனால் அங்கே பாதி போயிற்று.

இன்டியன் கரே 1947-ஆம் ஆண்டுக் கடை. முதல் நொடி பழப்பாகு போல இனிக்கும், ஏமாந்து அடுத்த கரண்டி எடுக்குமுன் காரம் ஏறிவிடும். கூட வரும் கோஸ் ஊறுகாய் அதற்கு மருந்து. டோக்கியோ மருநோவுச்சியிலும் கிளை உண்டு.

ஒசாகாவின் புதிய அலை 'ஸ்பைஸ் கரே'. மாவு இல்லை, முழு மசாலா தாளித்து, ஜப்பானிய மீன்சாறும் சேர்த்து, ஒரே தட்டில் இரண்டு குழம்பு, சுற்றிலும் பொரியல் போல் சில வகைகள். இலங்கைச் சோறும் கறியும் தட்டைப் பார்த்தவருக்கு உடனே அடையாளம் தெரியும். அங்கிருந்து வந்த பாதிப்பு வெளிப்படையானது. கொலம்பியா எயிட் பேர்பெற்றது. இவ்வகைக் கடைகள் சிறியவை, சமைத்தது தீர்ந்ததும் கதவைச் சாத்திவிடும். பகல் 11:30-க்கே போய்விடுங்கள்.

சப்போரோ: சூப் கரே

இது ரசத்துக்குக் கிட்டத்தில் நிற்கும் குழம்பு. 'சூப் கரே' என்ற பெயரைப் பரப்பியது 1993-இல் தொடங்கிய மேஜிக் ஸ்பைஸ். அங்கே காரப்படிகளுக்கு எண் கிடையாது: விழிப்பு, தியானம் என்று தொடங்கி, நிர்வாணம், சொர்க்கம் தாண்டி ஆகாயம் வரை ஏறும். காராகு, சுவாகே இரண்டும் காய்களுக்காகப் போகவேண்டியவை. பூசணி, உருளை, புரோக்கோலியை மாவு பூசாமல் எண்ணெயில் பொரித்துப் போடுவார்கள்.

சாதத்தில் சூப்பை ஊற்றாதீர்கள். கரண்டியில் சாதம் எடுத்து, சூப்பில் முக்கி, அப்படியே வாய்க்கு. ஊற்றினால் சாதம் சூப்பைக் குடித்துவிடும், வாசனை மழுங்கும். கேட்கும்போது சூப் வகை, காரம், சாத அளவு என்ற வரிசை. கோழிச்சாறு அடித்தளம் பரவலாக உண்டு. பன்றி எலும்பு கலக்கும் கடைகளும் உண்டு, கேட்டுவிடுங்கள்.

மற்றவை

யோகோசுகாவில் 'கடற்படைக் கரே' 1908-ஆம் ஆண்டுக் கடற்படைச் சமையல் நூலை ஒட்டியது. சாலடும் ஒரு டம்ளர் பாலும் கட்டாயம் கூட வரும். டோக்கியோவிலிருந்து ஒரு பகலில் போய்வரலாம். கியூஷூ போகிறவர்கள் மோஜி துறைமுகத்தில் அடுப்பில் சுட்ட யாகி கரேயைப் பார்க்கலாம்.

இந்தியாவில் கோகோ இச்சிபான்யா 2020-இல் குருகிராமில் முதல் கிளை திறந்தது; சிங்கப்பூரிலும் கிளைகள் உண்டு. வெளிநாட்டுக் கிளையில் அடித்தளம் ஜப்பானிலிருந்து மாறியிருக்கும், எனவே இறைச்சிக் கேள்வியை அங்கேயும் புதிதாகக் கேளுங்கள்.

பல கடைகளில் வாசலில் சீட்டு இயந்திரம் இருக்கும். அதற்கு நோட்டும் சில்லறையும் தயாராக வைத்திருங்கள். மதியம் 12 முதல் 1 வரை அலுவலகக் கூட்டம். 11 மணிக்குப் போனால் இடமும் கிடைக்கும், குழம்பும் புதிது. நெடுநேரம் சூட்டில் நின்ற குழம்பு வற்றி, உப்பு ஏறி, மேலே ஆடை கட்டிவிடும். ஒரே நாளில் இரண்டு கடை என்று திட்டமிட்டால் இரண்டிலும் "கோஹான் சுகுனாமே", அதாவது சாதம் குறைவாக, என்று சொல்லுங்கள். மேசைமேலுள்ள சிவந்த இனிப்பு ஊறுகாய் ஃபுகுஜின்சுகே, வெள்ளைப் பூண்டு போலத் தெரியும் சிறு வெங்காய ஊறுகாய் ரக்கியோ. வாய்க்கு வாய் இல்லாமல், நாலைந்து வாய்க்கு ஒருமுறை ஒரு துண்டு.