போர் தண்ணீரில் இரும்பு எவ்வளவு? பினாந்த்ரோலின் கொண்டு அளக்கும் முறை

மோட்டார் போட்டதும் கண்ணாடி மாதிரி வரும் போர் தண்ணீர், குடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் மஞ்சளாகிறது. மறுநாள் அடியில் காவியாகப் படிகிறது. நிலத்தடியில் ஃபெரஸாக (Fe²⁺) கரைந்திருந்த இரும்பு, காற்று பட்டு ஃபெரிக்காக (Fe³⁺) மாறி வெளியே வருவதுதான் அது. இரும்போடு சேர்ந்து நிறம் காட்டும் வினைபொருளான பினாந்த்ரோலின் ஆரஞ்சுச் சிவப்பு நிறம் தருவதோ ஃபெரஸோடுதான். ஆகவே இரும்பு முழுவதையும் ஃபெரஸாக்குவதில்தான் நம் கவனம் இருக்க வேண்டும்.

1. மாதிரி: 100 மி.லி. பாட்டிலில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஐந்து சொட்டு விட்டு எடுத்துப்போய், குழாயடியிலேயே நிரப்புங்கள். ஆய்வகத்துக்கு வந்து அமிலம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பாதி இரும்பு பாட்டில் சுவரில் ஒட்டியிருக்கும். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

2. வினைபொருட்கள்: 100 மி.லி. நீருக்கு பினாந்த்ரோலின் 0.1 கிராம். லேசில் கரையாது, 80 டிகிரி வரை சூடாக்கிக் கலக்குங்கள், கொதிக்க விடாதீர்கள். ஃபெரிக்கை ஃபெரஸாக்கும் ஹைட்ராக்சிலமின் ஹைட்ரோகுளோரைடு, அமிலத்தன்மையைக் குறைக்கும் சோடியம் அசிடேட் இரண்டும் 10 சதவீதக் கரைசல்கள்.

3. திட்டக் கரைசல் (இரும்பின் அளவு தெரிந்த, ஒப்பிடுவதற்கான கரைசல்): மோர் உப்பு (Mohr's salt, ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்) 0.702 கிராமை, சிறிது கந்தக அமிலம் சேர்த்த நீரில் கரைத்து 1 லிட்டராக்கினால் லிட்டருக்கு 100 மி.கி. இரும்பு. இதைப் பத்து மடங்கு நீர்த்து, 50 மி.லி. குடுவைகளில் 0, 1, 2, 5, 10 மி.லி. எடுங்கள். இன்னொரு குடுவையில் மாதிரி 25 மி.லி. துரு தெரிந்தால் அதை முதலில் ஹைட்ராக்சிலமினோடு கொதிக்கவைத்து ஆறவிடுங்கள்.

4. நிறம்: எல்லாக் குடுவையிலும் ஹைட்ராக்சிலமின் 1 மி.லி., அப்புறம் பினாந்த்ரோலின் 5 மி.லி., கடைசியாக அசிடேட் 5 மி.லி. (கொதிக்கவைத்த மாதிரிக்கு ஹைட்ராக்சிலமின் மறுபடி வேண்டாம்.) அசிடேட் விழும் இடத்தில் செந்நிறம் புகைபோல் விரியும், முதல் முறை பார்ப்பவர் கண் எடுக்க மாட்டார். குறிவரை நீர் நிரப்பி, 10 நிமிடம் காத்திருங்கள்.

5. அளவீடு: இரும்பு சேர்க்காத குடுவையைக் கொண்டு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை (கரைசல் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) சுழியாக்கி, 510 நானோமீட்டரில் படியுங்கள். 1 செ.மீ. செல்லில் (கரைசலை வைக்கும் சிறு பாத்திரம்), லிட்டருக்கு 1 மி.கி. இரும்பு சுமார் 0.2 ஒளி உறிஞ்சல் காட்ட வேண்டும். வெகுவாகக் குறைந்தால் திட்டக் கரைசலையும் ஹைட்ராக்சிலமினையும் சந்தேகப்படுங்கள்.

திட்டக் குடுவைகளின் இரும்பு அளவுக்கு எதிராக ஒளி உறிஞ்சலை வரைபடமாக வரையுங்கள். அதிலிருந்து மாதிரியின் அளவைப் படித்து இரண்டால் பெருக்குங்கள், 25-ஐ 50 ஆக்கியிருக்கிறோமே. லிட்டருக்கு 0.3 மி.கி.யைத் தாண்டினாலே துணியில் கறை படியத் தொடங்கும்.