குறைவாக ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்: முன்பணம் கொடுக்கும் முன்

போன மாதம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பையன் என் ஷெட்டுக்கு வந்தான். சிவப்பு நிறம், இரண்டே கதவு, 2008 மாடல் ஜெர்மன் கார். முன்பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை என்னிடம் காட்டவே கொண்டுவந்திருந்தான். "அண்ணா, வெறும் 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. ஒரே ஓனர்." அவன் முகத்தில் இருந்த பெருமிதம் எனக்குப் பழக்கமானது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அதே முகத்தோடுதான் நானும் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

ஆர்சி, கடன் பாக்கி, விபத்துத் தடம் எல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிலோமீட்டர் குறைவு என்று மயங்குவது

என் வண்டி 31,000 ஓடியிருந்தது. வயது பதினொன்று. என் அப்பா அந்தக் காலத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் பார்க்கப் போனவர். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "இதை ஏன் ஓட்டாமல் வைத்திருந்தார்கள்?" என்று மட்டும் கேட்டார். நான் சிரித்தேன்.

நான்காவது வாரம், எண்ணூர் நெடுஞ்சாலை. திருவொற்றியூரைத் தாண்டியிருப்பேன். துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒரு பக்கம் வரிசையாக நிற்கின்றன. திடீரென்று எஞ்சின் செத்துவிட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் தையல் மெஷின் போல லேசாக, வேகமாகச் சுற்றியது. எஞ்சினுக்குள் அழுத்தமே இல்லை. அந்தச் சத்தத்தின் பொருள் அன்று எனக்குத் தெரியாது. நான்கைந்து முறை திருப்பினேன். முதல் அடியில் தப்பிய வால்வு ஏதாவது இருந்திருந்தால் அதையும் நானே வளைத்திருப்பேன்.

அறுந்தது டைமிங் பெல்ட். பிஸ்டன்களோடு இணைந்த கிராங்கையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை. அது அறுந்தால் கேம் நின்றுவிடும். திறந்த வால்வுகள் திறந்தபடியே நிற்கும். பிஸ்டனோ வண்டியின் வேகத்தில் மேலே வந்து அவற்றை இடிக்கும். எல்லா எஞ்சினிலும் இப்படி ஆகாது. சிலவற்றில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே போதிய இடைவெளி உண்டு, சிலவற்றில் பெல்ட்டுக்குப் பதில் செயின். ஆனால் குதிரைத்திறனுக்காகக் கட்டிய எஞ்சின்களில் அந்த இடைவெளியைப் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது. வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியபோது பதினாறு வால்வுகளில் பதினொன்று வளைந்திருந்தன. மொத்தச் செலவு 1,80,000 ரூபாய். பெல்ட், அதை இறுக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து முன்பே மாற்றியிருந்தால் இருபதாயிரத்துக்குள் முடிந்திருக்கும்.

இன்றும் எரிச்சலூட்டுவது அந்தச் செலவு அல்ல. வண்டியோடு வந்த கையேட்டில் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே ஆண்டுக்கணக்கும் போட்டிருந்தது. இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்று. நான் கிலோமீட்டரை மட்டும் படித்தேன். இப்போது ஷெட்டுக்கு வருகிற ஒவ்வொரு பையனும் அதை மட்டுமே படிக்கிறான்.

நின்றே கிடந்த வண்டியில் பெல்ட் மட்டும் காய்வதில்லை. ஆயில் சீல், கூலன்ட் குழாய், சஸ்பென்ஷன் புஷ் என்று ரப்பர் எல்லாமே இறுகிவிடும். பெட்ரோல் குழாய்க்கு இன்னொரு சோதனையும் இருக்கிறது. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் குழாய்கள் அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அந்தப் பையனின் டயரைப் பார்த்தேன். பட்டன் புதிது போல நின்றது. பக்கவாட்டில் வட்டமிட்ட கடைசி நான்கு இலக்கங்கள் 0908, அதாவது 2008ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரம். வெடிப்பில் நகம் உள்ளே போனது. இதை வைத்துக்கொண்டு அவன் நூற்றிருபதில் பறந்து பார்க்க ஆசைப்படுகிறான்.

சூடான எஞ்சினைக் கேட்டுத் திருப்திப்படுவது

சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் போய் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினின் முதல் சத்தத்தை உங்களிடமிருந்து மறைக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

மழையில் நனைந்த வண்டி

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையின்போது எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. பட்டையின் கடைசி அரை அடியில் கறுப்புக் கோடு தெரிந்தால் கிளம்பிவிடுங்கள்.

கடற்கரை வண்டி

காசிமேட்டில் நின்ற வண்டியின் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். லிஃப்டில் ஏற்றி பிரேக் பைப்பில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

எஃப்சி

பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சான்று (எஃப்சி) எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமே 5,000 ரூபாய். இறக்குமதி வண்டி என்றால் 40,000. இருபது வயதைத் தாண்டினால் 2025 முதல் இரண்டுமே இரட்டிப்பு. பேரம் பேசும்போது யாரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

"பெல்ட் எல்லாம் மாற்றியாகிவிட்டது"

பில் எங்கே?

பையனிடமும் இதைத்தான் கேட்டேன். விற்றவருக்கு போன் போட்டான். அவர் தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். மூன்று கிளிப்பை எடுத்து மேல் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். பெல்ட்டின் முதுகில் குறுக்காக மயிரிழை வெடிப்புகள். அவனையே விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மெதுவாகப் போனால் மணலி வரைக்கும் ஒரு ரவுண்டு போகலாமா அண்ணா?" என்றான்.

சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. பெல்ட் பார்சலில் வந்துகொண்டிருக்கிறது.